முதியவர் காய்ச்சலும் இனிப்பு நீரும்



பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி பினாங்குத் தீவில் இறங்கியவர்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கால் வைக்காமல் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். காசு மாற்றும் கடை, நாசி கண்டார் கடை, பூக்கடை என்று நம்முடைய பேச்சும் வாசனையும் நிறைந்த சாலை அது. வெள்ளைக்காரர் நாளில் அதற்குப் பிட் தெரு என்று பெயர். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த வில்லியம் பிட்டின் நினைவாக வைத்த பெயர். 1801-ல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், தென்னிந்தியர்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, இருந்து எழுப்பிய பள்ளிவாசலே இப்போது சாலைக்குப் பெயராகியிருக்கிறது.

அந்தச் சாலையையும் அதன் பக்கத்தையும் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரு முனையருகே 1818-ல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். சிறிது தள்ளி, ஊதுபத்திப் புகை ஓயாத சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்துக் குயின் தெருவில் 1833-ல் அமைந்த மகா மாரியம்மன் கோயில். அதற்கப்பால் பள்ளிவாசல். நான்கு சமயத்தாரும் அடுத்தடுத்து வழிபடும் இடம் என்று வெளியூரார் வியந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் கரை இறங்கிய நம் முன்னோர்கள் இந்தக் கோயில்களிலும் பள்ளியிலும் எதற்காக வேண்டிக்கொண்டிருப்பார்கள்? கூலிக்காக வேண்டியிருப்பார்கள், ஊரில் விட்டு வந்த பிள்ளைக்காக வேண்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டியிருப்பார்கள். மாரியம்மனே வெப்பு நோய்க்கு உரிய தாயல்லவா?

இன்று நாம் பேசப்போவதும் காய்ச்சலைப் பற்றித்தான். ஆனால் எல்லாக் காய்ச்சலையும் பற்றியல்ல. வயது முதிர்ந்தவர்களுக்கு, கிருமி இரத்தத்திலேயே கலந்துவிடுவதால் வரும் காய்ச்சல். அதோடு இனிப்பு நீரும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகிறது என்பது. இதைக் கண்டுகொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறாண்டுக் கதையில் நம் தோட்டத்து மனிதர் ஒருவரும் வருகிறார்.

முதலில் சீனியின் கதையைச் சொல்லிவிடுவோம். தீவுக்கு எதிர்க்கரையில், இப்போது செபராங் பிறை என்று நாம் அழைக்கும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், ரப்பர் வருவதற்கு முன்பு இருந்தவை கரும்புத் தோட்டங்கள். சீனர்கள் தொடங்கிய கரும்புச் சாகுபடியை 1840-களில் ஐரோப்பிய முதலாளிகள் பெரிதாக்கினார்கள். அதற்கு ஆள் வேண்டித்தான் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா போன்ற தோட்டங்கள் அப்படிக் கரும்பில் தொடங்கியவையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கரும்பு ஒழிந்து ரப்பர் வந்தது. சீனி விளைவித்தவர்களுக்கு அந்நாளில் இனிப்பு நீர் என்பது அரிது. பகலெல்லாம் வெட்டிச் சுமந்த உடம்பு. கிடைத்ததோ அளந்து போட்ட அரிசி. அப்போது அது பணக்கார வியாதி. 1907-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார் வெப்ப நாடுகளில் காணும் நீரிழிவைப் பற்றி ஒரு கூட்டத்தில் விவாதித்தபோது, வங்காளத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் வசதியுள்ளவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கூலிக்காரனைப் பற்றி அந்தப் பேச்சு எழவில்லை.

இனிக் காய்ச்சலின் கதைக்கு வருவோம். அது தொடங்கியது பினாங்கில் அன்று. ரங்கூன் நகரத்தில். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அங்கும் தமிழர்கள் ஏராளம். ரங்கூன் பொது மருத்துவமனையில் இறந்தவர்களின் உடலை அறுத்துச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தவர் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கில மருத்துவர். அவருக்கு உதவியாக இருந்த மருத்துவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1911-ல் ஓர் ஏழையின் உடலைச் சோதித்தபோது நுரையீரலிலும் வேறு உறுப்புகளிலும் சீழ்க் கட்டிகளைக் கண்டார்கள். காசநோய் அன்று. அதிலிருந்து எடுத்த கிருமியும் அதுவரை எவரும் விவரித்திராத கிருமி. 1912-ல் இருவரும் சேர்ந்து அதை உலகுக்கு அறிவித்தார்கள். 1917-ல் கிருஷ்ணசாமி தனியாகவே எழுதிய கட்டுரையில் இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். நோயாளிகளில் பலர் மார்பியா ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதால், ஊசிக்காரர்களுக்கு வரும் இரத்த நச்சு என்றே அதற்குப் பெயரிட்டார். உலகம் அந்த நோயை விட்மோர் நோய் என்றது. கிருஷ்ணசாமியின் பெயர் நோயோடு ஒட்டவில்லை. இது புதிதல்ல, பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் இப்படி விடுபட்ட பெயர்கள் பல உண்டு.

அடுத்த காட்சி கோலாலம்பூர். அங்கே 1900-ல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், பிளெச்சர் என்று இரு மருத்துவர்கள். தீட்டிய வெள்ளை அரிசியே பெரிபெரி நோய்க்குக் காரணம் என்று பிரேசர் என்பவரோடு சேர்ந்து 1909-ல் காட்டியவர் இந்த ஸ்டாண்டன். புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு அந்த நோய் அதிகம் வரவில்லை என்பது அப்போதே எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. நம் பாட்டிகள் புழுங்கலை விடாமல் இருந்தது வீண் பிடிவாதம் அன்று என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது கிடக்கட்டும். 1913-ல் கழகத்தின் கூண்டுகளில் வளர்த்த சோதனைப் பிராணிகள் சீழ்க் கட்டிகளோடு செத்து விழுந்தன. கிருமி, ரங்கூனில் கண்ட அதே கிருமி. 1917-ல் அதை மனித உடலிலிருந்தும் எடுத்தார் ஸ்டாண்டன். எவருடைய உடலிலிருந்து தெரியுமா? ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி ஒருவரிடமிருந்து. காலரா போன்ற அறிகுறியோடு வந்தவர் அவர். அவருடைய தோட்டமும் பெயரும் சரித்திரத்தில் நிற்கவில்லை. அவருடைய இரத்தத்தில் இருந்த கிருமிக்கு மட்டும் பெயர் கிடைத்தது. கழுதைகளுக்கு வரும் ஒரு நோய்க்குக் கிரேக்கர் வைத்திருந்த சொல்லை எடுத்து, 1921-ல் மெலியாய்டோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர் சூட்டினார்கள்.

அதே 1921-ல், பூமியின் மறுபக்கத்தில், கனடாவின் டொராண்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் இன்சுலின். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை முதன்முதலில் ஊசி மூலம் செலுத்தினார்கள். கோலாலம்பூரில் ஒரு கண்டுபிடிப்பு, டொராண்டோவில் ஒரு கண்டுபிடிப்பு. ஒன்று மண்ணிலிருந்து இரத்தத்துக்குள் ஏறும் கிருமியைப் பற்றியது. மற்றொன்று இரத்தத்தில் ஏறும் சீனியைப் பற்றியது. இரண்டுக்கும் உறவு உண்டென்று அப்போது எவரும் நினைக்கவில்லை. ரங்கூனிலே ஊசியைப் பழித்தார்கள். கோலாலம்பூரிலே எலியைச் சந்தேகித்தார்கள். பிறகு வியட்நாமில் பிரெஞ்சு மருத்துவர்கள் சேற்றையும் நீரையும் சோதித்துத்தான் கிருமியின் வீடு எலியன்று, ஈர மண்ணே என்று காட்டினார்கள். 1960-களில் மலேசியாவிலும் வயல் நீரில் அது நிறையக் கிடைத்தது.

சரி, சேற்றில் நிற்பவர்கள் எத்தனையோ பேர். எல்லாருக்குமா நோய் வருகிறது? இல்லை. நோயாளிகளை எண்ணி எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. பாதிக்கும் மேற்பட்டவர்கள் இனிப்பு நீர் உள்ளவர்கள். நமக்குப் பக்கத்துக் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். அங்கும் அதே கதைதான். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை. நல்ல மருந்து இருந்தும் இந்த நிலை. 1989-ல் தாய்லாந்தின் உபோன் நகரத்திலே செப்டாசிடிம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 74 ஆக இருந்த சாவு 37 ஆகப் பாதியாயிற்று. பாதியாயிற்று என்பது பெரிய வெற்றிதான். ஆனால் மருந்து தொடங்கும் வரை கிருமி காத்திருப்பதில்லை.

மெலியாய்டோசிஸ் ஓர் உதாரணம் மட்டுமே. காலில் முள் குத்தினாலும், சிறுநீர்ப் பையில் அழற்சி வந்தாலும், நுரையீரலில் சளி கட்டினாலும், அங்கிருந்து ஏதேனும் ஒரு கிருமி இரத்தத்தில் கலக்கலாம். நம் பெரியவர்கள் இதை வேறு பெயரில் அறிந்திருந்தார்கள். ராஜபிளவை என்ற பெயரைக் கேட்டாலே லயத்தில் ஓர் அமைதி விழும்.

நமக்கு நினைவிருக்கிறது. நாம் சிறுபிள்ளைகளாய் இருந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவருக்குப் பிடரியில் கட்டி வந்தது. ஒரு கட்டி, பிறகு அதைச் சுற்றிப் பல கண்கள். மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். வெங்காயம் சுட்டுக் கட்டினார்கள். குளிர் எடுத்து நடுங்கினார். இரண்டு போர்வை போர்த்தினார்கள். சம்பள நாள் வரட்டும், டவுனுக்குக் கொண்டு போகலாம் என்று வீட்டார் சொன்னார்கள். நான்காம் நாள் பிள்ளைகளின் பெயரையே மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். ஐந்தாம் நாள் லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. கருமாதிக்குப் பிறகு அவருடைய மனைவி ஒரு பேச்சுச் சொன்னார்: "அவர் ஒண்ணுக்குப் போற எடத்துல ஆறு மாசமா எறும்பு மொச்சிக்கிட்டு இருந்துச்சு." அந்த எறும்புகளுக்குத் தெரிந்தது நமக்கெல்லாம் தெரியவில்லை.

அந்நாளில் சீனியைச் சோதிக்கத் தோட்டத்து டிரஸரிடம் இருந்த வழி ஒன்றே. நீல நிறத் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் பயமில்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறிக்கொண்டே போனால் சீனி ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் பார்க்கும் வசதி 1960-களுக்குப் பிறகு வந்ததுதான். அது வந்த பிறகே மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகிலேயே, மணிக்கு மணி, சீனியைப் பார்க்க முடிந்தது. அப்போதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது.

கிருமிக் காய்ச்சலோடு வரும் முதியவர்களில் சிலருக்கு இனிப்பு நீர் என்ற பேச்சே இருந்ததில்லை. ஆனாலும் இரத்தத்தில் சீனி மலைபோல் ஏறியிருக்கும். இதென்ன புதுமை? இதற்கு விடையின் முதல் நூலிழையைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1848-லேயே பிடித்துக் கொடுத்திருந்தார். சீனி வாய் வழியாக மட்டும் வருவதில்லை. நம் கல்லீரலே சீனியைச் செய்து இரத்தத்தில் விடுகிறது என்று அவர் காட்டினார். உடம்புக்கு ஆபத்து என்றால், காட்டில் புலியைக் கண்டவன் ஓடத் தயாராவதுபோல், உடம்பு சில சுரப்புகளைக் கொட்டுகிறது. அவை கல்லீரலைத் தட்டி எழுப்பி, சீனியை அவிழ்த்துவிடச் சொல்கின்றன. இன்சுலினின் கையையும் கட்டிவிடுகின்றன. ஆகவே சாப்பிடாமல் கிடக்கும் கிழவிக்கும் சீனி ஏறும். வெறும் கஞ்சிதானே குடித்தார், சீனி எப்படி ஏறும் என்று வீட்டார் டாக்டரோடு வாதாடுவதுண்டு. வாதத்தில் தவறில்லை. ஆனால் விடை கஞ்சியில் இல்லை, காய்ச்சலில் இருக்கிறது.

2002-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த இரண்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகளை எண்ணிப் பார்த்தார்கள். சீனி சரியாக இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முன்பே இனிப்பு நீர் என்று தெரிந்தவர்களில் நூற்றுக்கு 3 பேர். ஆனால், முன்பு இல்லாமல் அப்போதுதான் சீனி ஏறியிருந்தவர்களில் நூற்றுக்கு 16 பேர். இவர்கள் பலவகை நோயாளிகள். இரத்தத்தில் கிருமி ஏறிய முதியவர்களை மட்டும் பார்த்த ஆய்வுகளும் உண்டு. எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், மருத்துவமனைக்கு வரும்போதே சீனி மிக உயர்ந்திருந்தவர்களுக்குக் கண்டம் பெரிது என்பதே பலவற்றின் முடிவு.

இங்கே ஒரு கேள்வி. சீனி நெருப்பா, புகையா? சீனியே கொல்கிறதா, அல்லது உள்ளே எரியும் நோயின் கடுமையை வெளியே காட்டுகிறதா? இரண்டும்தான் என்று சொல்லவேண்டும். சீனி மிகுந்த இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமியைத் துரத்திப் பிடித்து விழுங்கும் வேலையில் தளர்கின்றன. நெடுநாள் இனிப்பு நீரில் காலின் உணர்ச்சி மழுங்கும். செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. புண்ணுக்கு இரத்த ஓட்டமும் குறைவு. இது நெருப்பு. நோய் கடுமையாக இருப்பதாலேயே சீனி ஏறுவது புகை.

நெருப்பென்றால் அணைத்துவிடலாமே என்று 2001-ல் பெல்ஜியம் நாட்டு லூவன் நகரத்தில் முயன்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1548 நோயாளிகள். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள். பாதிப் பேருக்கு இன்சுலினைக் கொண்டு சீனியை முற்றிலும் சாதாரண அளவுக்கு இறக்கினார்கள். அந்தப் பிரிவில் நேர்ந்த சாவு நூற்றுக்கு 8-லிருந்து 5-க்கும் கீழே குறைந்தது. உலகமே அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கியது. ஆனால் 2009-ல் பல நாடுகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தபோது முடிவு தலைகீழாயிற்று. சீனியை ஒரேயடியாக இறக்கப் பார்த்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 27.5, நிதானமாக 10 மில்லிமோலுக்குக் கீழ் வைத்தவர்களில் 24.9. சீனி ஏறினாலும் ஆபத்து. அவசரப்பட்டு இறக்கினாலும் ஆபத்து. டாக்டர் ஏன் 5-க்கு இறக்காமல் 9-ல் விட்டிருக்கிறார் என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில். அவர் அசட்டையாக இல்லை; 2009-ன் பாடத்தைப் படித்திருக்கிறார்.

இதையெல்லாம் தோட்டத்து மக்களுக்கு எதற்குச் சொல்கிறோம்? பணக்கார வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னது இன்று நம் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளேயும் வந்துவிட்டது. மலேசியாவில் 1986-ல் எடுத்த கணக்கில், 35 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு இனிப்பு நீர். 2019-ல் பெரியவர்கள் அனைவரிலும் நூற்றுக்கு 18 பேர். இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். லயத்தில் பத்து முதியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கெட்டிப்பால் தேநீர் குடித்தால், அவர்களில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

முதியவர்களின் காய்ச்சல் இளைஞர்களின் காய்ச்சல் போல் இருப்பதில்லை என்பது இன்னொரு சங்கடம். உடம்பு அனலாய்க் கொதிக்காமலே இரத்தத்தில் கிருமி இருக்கலாம். சோறு வேண்டாம் என்பார்; எழுந்து நடக்கமாட்டார்; மூச்சு வேகமாக வாங்கும்; நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம் தெரியாமல் பேசுவார். வயதாகிவிட்டது, அப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். நம் லயத்துப் பெரியவர் பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டபோதும் அப்படித்தான் சொன்னார்கள். குளிர் நடுக்கமோ, தடுமாற்றமோ, மூச்சு வாங்கலோ கண்டால் அன்றே, அது இரவானாலும், மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை அது. வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் பார்த்து, எண்ணைத் தாளில் குறித்துக் கொண்டுபோவது நல்லது. சாப்பிடவில்லையே என்று இன்சுலின் ஊசியைத் தாமாக நிறுத்துவதும் தவறு; சாப்பிடாமலே மாத்திரையை மட்டும் விழுங்கிச் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி மயங்குவதும் நடக்கிறது. ஊசி எவ்வளவு, மாத்திரை எது என்பதை அன்று டாக்டரோ நர்ஸோ சொல்லட்டும். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்பவருக்குக் காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடாமல் இறங்கவேண்டாம். காய்ச்சலோடு போகும்போது மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்தவர் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற எண்ணம் அவருக்கு வர அந்த ஒரு சொல் உதவும்.

இன்னுமொன்று. இனிப்பு நீர் என்ற நம் சொல்லும், கென்சிங் மானிஸ் என்ற மலாய்ச் சொல்லும் ஒரே பொருள் உடையவை; இரண்டும் இனிக்கும் சிறுநீர் என்றே சொல்கின்றன. அவசரப் பிரிவின் முகப்பில் நிற்கும்போது பலருக்கு நா எழுவதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் பின்வரிசையில் உட்காரச் சொல்லக்கூடும். வயதைச் சொல்லி, 'டெமாம் மெங்கிகில்' என்று குளிர் நடுக்கத்தையும், 'கென்சிங் மானிஸ்' என்று இனிப்பு நீரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நாலு சொல்லையும் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். பல வீடுகளில் தாத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவது அந்தப் பிள்ளைதான்.